ஜேபெக், பிஎன்ஜி, டிஃப், வெப்பி: எந்தப் படத்தை எதற்கு மாற்றுவது?

கல்யாணத்துக்கு முன்னால் பெசன்ட் நகர் கடற்கரையில் எடுத்த ஜோடிப் படம் ஒன்று. அது ஆல்பம் லேபுக்குப் போக வேண்டும், மண்டப வாசல் ஃப்ளெக்ஸுக்குப் போக வேண்டும், பெண் வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கும் ஸ்டுடியோ வெப்சைட்டுக்கும் போக வேண்டும். நான்கு இடத்துக்கும் ஒரே ஃபைலைத் தள்ளிவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் ஓர் இடத்தில் சிவப்பு மங்குகிறது, இன்னோர் இடத்தில் ஃபைல் திறக்கவில்லை, வெப்சைட்டில் படம் வந்து சேர்வதற்குள் பார்க்க வந்தவர் போய்விடுகிறார்.

எந்த ஃபார்மட் உசத்தி என்று கேட்டுப் பயனில்லை. இந்த ஃபைலை அடுத்துத் திறக்கப்போவது யார், மாற்றும்போது எது தொலைகிறது, தொலைந்ததை மீட்க வழி உண்டா என்று கேட்டுக்கொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். சென்னையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர், தி.நகர் துணிக்கடைக்குப் படம் எடுத்துக் கொடுப்பவர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேர்வு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவர் ஆகியோர் அன்றாடம் சந்திக்கிற இடங்களை வைத்தே பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். ஃபைல் பெயரின் வாலில் இருக்கிற 'பிஎன்ஜி'யை அழித்துவிட்டு 'ஜேபிஜி' என்று ரீநேம் செய்தால் படம் மாறாது. உள்ளே இருக்கிற தரவு பழையபடி பிஎன்ஜிதான். பல வியூவர்கள் வாலைப் பார்க்காமல் உள்ளே பார்த்துத் திறந்துவிடுவதால் மாறிவிட்டது போலத் தோன்றும். லேப் மென்பொருளோ விண்ணப்பத் தளமோ அதைத் தள்ளிவிடும்போதுதான் குட்டு உடையும். விண்டோஸில் பிரவுசர் வழியாகச் சேமித்த படம் சில சமயம் 'ஜேஎஃப்ஐஎஃப்' என்ற வாலோடு வரும். அது மட்டும் விதிவிலக்கு. உள்ளே இருப்பது சாதாரண ஜேபெக்தான், அதனால் ரீநேம் செய்தாலே போதும்.

மாஸ்டர் ஃபைல் எதில் இருக்க வேண்டும்?

எல்லா மாற்றங்களும் ஒரு மாஸ்டரிலிருந்து கிளம்ப வேண்டும். மாற்றிய ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலை மாற்றுவதால்தான் பாதி வம்பு வருகிறது. மாஸ்டராக வைக்க நடைமுறையில் பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்பின் சொந்த ஃபார்மட்), டிஃப், பிஎன்ஜி என்று மூன்று தேர்வுகள் உண்டு. கேமராவின் ரா ஃபைல் இவற்றுக்கெல்லாம் மூலம். அதை இங்கே சேர்க்கவில்லை, அது எப்படியும் பத்திரமாக இருக்க வேண்டியது.

லேயர்களோடு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தனித்தனிப் படலங்களோடு, வேலை செய்கிறவருக்கு பிஎஸ்டிதான் வசதி. அதற்கு இரண்டு எல்லைகள் உண்டு: ஃபைல் 2 ஜிபியைத் தாண்டக் கூடாது, ஒரு பக்கம் 30,000 பிக்சலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஃபோட்டோஷாப் பிஎஸ்பி ஃபார்மட்டுக்குப் போகச் சொல்லும். டிஃப் 4 ஜிபி வரை போகும், 16 பிட் நிறத்தையும் (8 பிட்டைவிட நுணுக்கமான நிறப் படிகள்) சிஎம்ஒய்கேவையும் (அச்சுக்கான நான்கு மை நிறமுறை) தாங்கும், ஏறக்குறைய எந்த மென்பொருளிலும் திறக்கும். ஃபோட்டோஷாப்பில் லேயரோடு டிஃப் சேமிக்கலாம். ஆனால் அந்த லேயர்களை மற்ற மென்பொருள்களில் நம்ப முடியாது. பெரும்பாலானவை தட்டையாக்கிய ஒற்றைப் படத்தை மட்டுமே காட்டும். அதனால் லேயர் வேண்டுமென்றால் பிஎஸ்டி, முடிந்த வேலையைப் பத்து வருஷம் கழித்தும் திறக்க வேண்டுமென்றால் தட்டையாக்கிய டிஃப், இரண்டும் வேண்டுமென்றால் இரண்டும்.

டிஃப் சேமிக்கும்போது வருகிற சுருக்கத் தேர்வில் பலர் கண்ணை மூடிக்கொண்டு எல்இசட்டபிள்யூ போடுகிறார்கள். 8 பிட் படத்துக்கு அது சரி. 16 பிட் படத்தில் அதே தேர்வு ஃபைலைச் சுருக்குவதற்குப் பதில் பெருக்கிவிடும். கடைசி எட்டு பிட்டுகளில் இருப்பது பெரும்பாலும் இரைச்சல், அதில் திரும்பத் திரும்ப வரும் வரிசை எதுவும் எல்இசட்டபிள்யூவுக்குக் கிடைக்காது. 16 பிட்டுக்கு ஜிப் போடுங்கள். அந்த ஜிப் டிஃபை அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள், பழைய அச்சு மென்பொருள்கள் அதைத் திறக்க முரண்டு பிடிக்கும்.

பிஎன்ஜி 16 பிட்டையும் ஒளிபுகும் பின்னணியையும் இழப்பில்லாமல் வைத்திருக்கும். லேயர் கிடையாது, சிஎம்ஒய்கே கிடையாது. லோகோவுக்கு நல்ல மாஸ்டர், ஆல்பம் ஷீட்டுக்கு வேண்டாம்.

ஜேபெக்கை மாஸ்டராக வைப்பதைப் பற்றி ஒரு தவறான பயமும் உலவுகிறது. ஜேபெக் ஃபைலைத் திறந்து பார்த்து மூடினால் தரம் குறையாது. காப்பி செய்தாலும் குறையாது. திருத்திவிட்டு மறுபடி சேமிக்கும்போதுதான் குறையும், அதுவும் படத்தை கிராப் செய்திருந்தால் கூடுதலாகக் குறையும். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டித் தனித்தனியே சுருக்குகிறது. கிராப் செய்து ஓரம் மூன்று பிக்சல் நகர்ந்தால் கட்டங்கள் வேறு இடத்தில் விழும், ஏற்கெனவே சுருக்கிய தரவு புதிய கட்டத்தில் மறுபடி முதலிலிருந்து நசுங்கும். இன்னொன்று: ஜேபெக்கை டிஃபாகவோ பிஎன்ஜியாகவோ மாற்றினால் போன தரம் திரும்பாது, ஃபைல்தான் வீங்கும். இனிமேல் மேலும் குறையாமல் திருத்தத்தைத் தொடரலாம் என்பது ஒன்றுதான் அதில் லாபம்.

மஞ்சள் பத்திரிகையும் ஜேபெக் தர எண்ணும்

ஜேபெக் தரத்தை ஃபோட்டோஷாப் 0 முதல் 12 வரையும், இலவச மென்பொருளான கிம்ப் 0 முதல் 100 வரையும் எண்ணால் குறிக்கின்றன. இரண்டு அளவுகோலும் வேறு. ஃபோட்டோஷாப்பின் 10 கிம்ப்பில் எது என்று தேடுவதில் அர்த்தமில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று: நிறத் தகவலை எவ்வளவு சுருக்குகிறது என்பது.

வெளிர் மஞ்சள் தாளில் குங்குமச் சிவப்பு எழுத்தோடு இருக்கும் கல்யாணப் பத்திரிகையை ஜேபெக்காக்கிப் பாருங்கள். தரம் 6இல் சேமித்து 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் 'சுபமுகூர்த்தம்' என்ற சொல்லின் விளிம்பெல்லாம் பழுப்பாகக் கசிந்திருக்கும், புள்ளிகள் மஞ்சளுக்குள் கரைந்து நிற்கும். அதையே 7இல் சேமித்தால் விளிம்பு சுத்தமாக இருக்கும். ஃபோட்டோஷாப் 6 வரையிலான தரத்தில் நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்குகிறது, அதாவது நான்கு பிக்சலுக்கு ஒரே நிறம். 7இலிருந்து அந்தக் குறைப்பு கிடையாது. கடற்கரைப் படத்திலோ முகத்திலோ இது கண்ணுக்கே தெரியாது. சிவப்பு எழுத்து, ஜரிகை ஓரம், நியான் பலகை மாதிரியான இடங்களில் பளிச்சென்று தெரியும்.

கிம்ப்பில் ஏற்றுமதிப் பெட்டியின் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்து, சப்சாம்ப்ளிங் என்ற இடத்தில் 4:4:4 (நிறத்தைக் குறைக்காதது) தேர்ந்தெடுங்கள். நான்கு பிக்சலுக்கு ஒரே நிறம் வைக்கும் 4:2:0 என்று இருந்தால் தரத்தை 95க்கு ஏற்றினாலும் எழுத்து கசியத்தான் செய்யும்.

நல்ல ஜேபெக்காகக் கொடுத்தாலும் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது தன் பங்குக்குச் சின்னதாக்கி மறுபடி சுருக்கிவிடும். பத்திரிகையை 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டும். பத்திரிகை வெறும் தட்டை நிறமும் எழுத்தும் என்றால் பிஎன்ஜி ஜேபெக்கைவிடச் சிறிதாகவே வரும். பின்னணியில் பட்டுத் துணியோ பூமாலைப் படமோ வைத்து வடிவமைத்திருந்தால் பிஎன்ஜி பல மடங்கு பெருகும், அப்போது 4:4:4 ஜேபெக்தான் சரி.

அச்சடிக்கப் போகிற பத்திரிகை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கொடுத்தாலும் வீட்டுப் பக்கத்து அச்சகத்தில் கொடுத்தாலும் கோரல்டிராவில் செய்த எழுத்தைப் படமாக்காமல் அப்படியே கொடுங்கள். கொடுக்கும் முன் எழுத்து முழுவதையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், க்யூ அழுத்தி கர்வ்ஸாக மாற்றிவிட வேண்டும். தமிழ் எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லாவிட்டால் மாப்பிள்ளை பெயர் புரியாத குறிகளாக மாறி நிற்கும். கர்வ்ஸ் ஆக்கியபின் பிழை திருத்த முடியாது, ஆகவே திருத்தக்கூடிய நகலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம்: மாற்றுவதும் ஒட்டுவதும்

நிறம் கெட்டுவிட்டது என்று ஃபார்மட் மேல் பழி போடுகிற பல இடங்களில் உண்மையான குற்றவாளி கலர் ப்ரொஃபைல், அதாவது படத்தின் எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று ஃபைலுக்குள் இருக்கும் குறிப்பு. கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்ற நிற வெளியில் எடுத்த படத்தை ப்ரொஃபைல் இல்லாமல் ஜேபெக்காக்கி வெப்சைட்டில் ஏற்றினால், பிரவுசர் அதை எஸ்ஆர்ஜிபி (திரைக்கும் வெப்சைட்டுக்குமான பொது நிற வெளி) என்று எடுத்துக்கொண்டு சோகையாகக் காட்டும். ஐபோன் படத்துக்கும் இதே கதி. அது டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிற வெளியில் சேமிக்கிறது. ப்ரொஃபைலைக் கழற்றிவிட்டால் குங்குமம் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும்.

ஃபோட்டோஷாப்பின் எடிட் மெனுவில் 'அசைன் ப்ரொஃபைல்', 'கன்வெர்ட் டு ப்ரொஃபைல்' என்று அடுத்தடுத்து இரண்டு இருக்கின்றன. முதலாவது எண்களை அப்படியே விட்டுவிட்டு வேறு சீட்டை ஒட்டுகிறது, அதனால் திரையில் நிறம் குதிக்கும். இரண்டாவது நிறம் மாறாதபடி எண்களைக் கணக்குப் போட்டு மாற்றுகிறது. ஃபார்மட் மாற்றும் வேலைக்கு வேண்டியது இரண்டாவதுதான். டெஸ்டினேஷனில் எஸ்ஆர்ஜிபி, இன்டென்ட்டில் ரிலேடிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன் டிக் செய்தபடி. கிம்ப்பில் இமேஜ் மெனுவின் கலர் மேனேஜ்மென்ட் பகுதியில் இதே இரண்டும் உண்டு.

புடவைக் கடைக்காரர் கேட்லாக் அச்சடிக்கும்போதுதான் நிஜமான தலைவலி. ராணி பிங்க், எம்.எஸ். ப்ளூ, மயில்கழுத்து இவையெல்லாம் திரையில் ஜொலிக்கும், சிஎம்ஒய்கேவுக்குப் போனால் வாடிவிடும். நான்கு மையில் அந்த அடர்த்தி கிடையாது, எந்த ஃபார்மட்டில் கொடுத்தாலும் கிடைக்காது. ஃபோட்டோஷாப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஒய் அழுத்தினால் அச்சில் வராத நிறங்கள் சாம்பல் பூசிக் காட்டும். கண்ட்ரோல், ஒய் அழுத்தினால் அச்சுத் தோற்றம் திரையிலேயே தெரியும். வாடிக்கையாளருக்கு இதைக் காட்டி ஒப்புதல் வாங்கியபின் அச்சுக்குப் போவது உத்தமம்.

அச்சகத்துக்கு சிஎம்ஒய்கே ஆக்கிக் கொடுப்பதா, எஸ்ஆர்ஜிபியில் கொடுத்து அவர்களை மாற்றிக்கொள்ளச் சொல்வதா? ப்ரொஃபைல் பெயரை அவர்கள் சொன்னால் நாமே மாற்றிக் கொடுக்கலாம். 'எதுவா இருந்தாலும் பரவாயில்லை சார்' என்று பதில் வந்தால் எஸ்ஆர்ஜிபியிலேயே கொடுங்கள். இமேஜ் மெனுவில் மோட் பகுதியைத் திறந்து சும்மா சிஎம்ஒய்கே என்று சொடுக்கினால், பல கணினிகளில் அது மாற்றுவது 'யுஎஸ் வெப் கோட்டட் ஸ்வாப்' ப்ரொஃபைலுக்கு. அமெரிக்க வெப் ஆஃப்செட் அச்சுக்கு வகுத்த அதற்கும் திருவல்லிக்கேணி ஷீட் மெஷினுக்கும் சம்பந்தமில்லை. ஒருமுறை சிஎம்ஒய்கே ஆகிவிட்ட படத்தை மறுபடி ஆர்ஜிபி ஆக்கினாலும் ராணி பிங்க் திரும்பி வராது.

சிஎம்ஒய்கே ஜேபெக்கை வாட்ஸ்அப்பிலோ வெப்சைட்டிலோ போட்டுவிட்டால் சில செயலிகளில் நிறம் தலைகீழாகவோ, கண்ணைக் கூசும் பச்சையாகவோ தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. அடோபி மென்பொருள்கள் சிஎம்ஒய்கே ஜேபெக்கில் மை அளவுகளைத் தலைகீழாக எழுதுகின்றன, அது தெரியாத செயலி அப்படியே படித்துவிடுகிறது. மாஸ்டருக்குப் போய் எஸ்ஆர்ஜிபியில் புதிதாக எடுத்துக் கொடுங்கள்.

ஆல்பம் லேப்: டிஃபா, ஜேபெக்கா?

12க்கு 36 அங்குல ஷீட்டை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) செய்தால் 3,600க்கு 10,800 பிக்சல். சுருக்காத 8 பிட் டிஃப் ஒரு ஷீட்டுக்கு ஏறக்குறைய 117 எம்பி. நாற்பது ஷீட் என்றால் நாலரை ஜிபிக்கு மேல். தரம் 10இல் ஜேபெக் ஆக்கினால், படத்தைப் பொறுத்து ஷீட்டுக்கு 10 முதல் 25 எம்பிக்குள் அடங்கும். அச்சான ஆல்பத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒளியால் பதிக்கிற ஃபோட்டோ பேப்பர் மெஷின் எஸ்ஆர்ஜிபியைத்தான் எதிர்பார்க்கிறது, அதற்கு சிஎம்ஒய்கே கொடுப்பது வீண்வேலை.

ஆக லேபுக்கு ஜேபெக், எஸ்ஆர்ஜிபி, 8 பிட், தரம் 10 அல்லது 11. 12 போட்டால் ஃபைல் எக்கச்சக்கமாகப் பெருகும், கண்ணுக்குப் பலன் இல்லை. லேப் 12தான் வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள், சண்டை போடுகிற விஷயம் இல்லை. ப்ரோக்ரசிவ் ஆப்ஷனைத் தவிர்த்து பேஸ்லைன் ஸ்டாண்டர்ட் தேர்ந்தெடுங்கள், பழைய லேப் மென்பொருள் சில ப்ரோக்ரசிவ் ஜேபெக்கைத் திறப்பதில்லை.

டிபிஐ பற்றி ஒரு வார்த்தை. பிக்சலை மாற்றாமல் 72ஐ 300 என்று திருத்தினால் படத்தில் ஒன்றும் மாறாது, ஃபைலுக்குள் எழுதியிருக்கும் ஒரு குறிப்பு மட்டும் மாறும். 4க்கு 6 அங்குலப் பிரின்ட்டுக்கு 1,200க்கு 1,800 பிக்சல் இருக்கிறதா என்று எண்ணுங்கள். இருந்தால் டிபிஐ என்ன போட்டிருந்தாலும் கவலையில்லை.

ஃப்ளெக்ஸ்

10க்கு 6 அடி ஃப்ளெக்ஸை 72 டிபிஐயில் செய்தால் 8,640க்கு 5,184 பிக்சல். பத்தடி தள்ளி நின்று பார்க்கிற பொருளுக்கு அது தாராளம். 300 டிபிஐ வேண்டுமென்று அடம்பிடித்தால் 36,000க்கு 21,600 பிக்சல் ஆகும். பிஎஸ்டி எல்லையைத் தாண்டும், சிஎம்ஒய்கே டிஃபாகச் சுருக்காமல் சேமித்தால் 3 ஜிபிக்கு மேல் போகும், கடைக்காரரின் கணினி மூச்சுத் திணறும். பேனரில் தெரிவது அதே படம்தான்.

இங்கே எல்இசட்டபிள்யூ டிஃபும் தரம் 10 ஜேபெக்கும் ஏறக்குறைய சமம். பெரிய எழுத்தும் கட்சிக்கொடி மாதிரி தட்டை நிறமும் நிறைந்த பேனருக்கு டிஃப் கொடுங்கள், முகம் மட்டும் பெரிதாக இருக்கும் பேனருக்கு ஜேபெக் போதும். டிஃப் கொடுக்கும் முன் லேயர் மெனுவில் 'ஃப்ளாட்டன் இமேஜ்' செய்துவிடுங்கள். மறைத்து வைத்த லேயரில் பழைய தேதி கிடந்து, அதைக் கடையில் யாரோ தட்டிவிட, பழைய தேதியோடு பேனர் அச்சாகி வரும்.

வெப்சைட்: ஜேபெக், வெப்பி, பிஎன்ஜி

வெப்பி கூகிள் 2010இல் கொண்டுவந்தது. இன்றைய பிரவுசர்கள் எல்லாம் அதைத் திறக்கின்றன. அதே தோற்றத்தில் ஜேபெக்கைவிடச் சிறிய ஃபைல் தரும் என்பதால் வெப்சைட்டுக்கு முதல் தேர்வு அதுதான். ஃபோட்டோஷாப்பில் 2022 பிப்ரவரியில் வந்த 23.2 பதிப்பிலிருந்து நேரடியாகச் சேமிக்கலாம், அதற்கு முந்தைய பதிப்பில் ப்ளகின் போட வேண்டும். கிம்ப்பின் 2.10இலேயே இருக்கிறது.

மூன்று குறைகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒரு பக்கம் 16,383 பிக்சலுக்கு மேல் போகாது. 8 பிட் மட்டுமே. இழப்போடு சுருக்கும் வெப்பி எப்போதும் நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகக் குறைக்கும், 4:4:4 என்ற தப்பும் வழி அதில் இல்லை. ஆகவே மேலே சொன்ன மஞ்சள் பத்திரிகைக்கும், சிவப்புப் பட்டில் மெல்லிய ஜரிகைக் கோட்டை நெருக்கத்தில் காட்டும் படத்துக்கும் இழப்புள்ள வெப்பி ஒத்துவராது. கிம்ப்பில் 'ஷார்ப் ஒய்யுவி' என்ற டிக் கசிவை ஓரளவு குறைக்கும். முழுதாகத் தப்பிக்க லாஸ்லெஸ் வெப்பிக்கோ 4:4:4 ஜேபெக்குக்கோ போக வேண்டும்.

வாடிக்கையாளர் இறக்கிக்கொள்ளும் படத்தை ஜேபெக்காகவே வையுங்கள். வெப்பியை இறக்கியவர் பழைய மென்பொருளில் திறக்க முடியாமல் கடைக்கு ஃபோன் போடுவார்.

பிஎன்ஜிக்கு வெப்சைட்டில் இடம் லோகோ, ஸ்கிரீன்ஷாட், பின்னணி வெட்டிய பொருள். 24 மெகாபிக்சல் ஃபோட்டோவை பிஎன்ஜி ஆக்கினால் 30 எம்பியைத் தாண்டுவது சாதாரணம். அதைச் சுருக்குகிறேன் என்று 256 நிற பிஎன்ஜிக்குப் போனால் மெரினா வானம் படிக்கட்டு படிக்கட்டாகப் பிரியும். கிம்ப்பில் பிஎன்ஜிக்கு 0 முதல் 9 வரை வரும் எண் தரத்தைக் குறிப்பதில்லை, எவ்வளவு நேரம் எடுத்துச் சுருக்கட்டும் என்பதை மட்டுமே குறிக்கிறது. 9 போடுவதில் நஷ்டமில்லை.

ஒளிபுகும் பிஎன்ஜியை ஜேபெக் ஆக்கும்போது பின்னணி வெள்ளையாகலாம், கருப்பாகலாம், மென்பொருளில் அப்போது இருக்கும் பின்னணி நிறமாகவும் ஆகலாம். அதிர்ஷ்டத்துக்கு விடாமல், அடியில் வெள்ளை லேயர் ஒன்றைப் போட்டுத் தட்டையாக்கிவிட்டு மாற்றுங்கள்.

ஐபோனிலிருந்து வரும் எச்இஐசி

2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் இந்த ஃபார்மட்டில் சேமிக்கிறது. விண்டோஸில் அதைத் திறக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து எச்இஐஎஃப், எச்இவிசி இரண்டு எக்ஸ்டென்ஷனும் வேண்டும். ஒன்று மட்டும் போட்டுவிட்டுத் திறக்கவில்லை என்று திணறுகிறவர்கள் நிறைய.

கேபிள் வழியாகக் கணினிக்கு ஏற்றும்போது பாதியில் 'டிவைஸ் இயங்கவில்லை' என்கிற மாதிரிப் பிழை வந்து நின்றுபோவது தெரிந்த நோய். ஃபோன் ஒவ்வொரு படத்தையும் பறந்துகொண்டே ஜேபெக்காக்கி அனுப்பப் பார்க்கிறது, அதில் சிக்கிக்கொள்கிறது. செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பகுதிக்குப் போய், மேக் அல்லது பிசிக்கு மாற்றும் இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்பதை 'கீப் ஒரிஜினல்ஸ்' ஆக்கினால் முழுதும் இறங்கிவிடும். மாற்றுவதைக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். இனி எடுக்கப்போகும் படங்களே ஜேபெக்காக வேண்டுமென்றால் கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ், 'மோஸ்ட் கம்பாட்டிபிள்'. அதில் ஒவ்வொரு படமும் ஏறக்குறைய இரட்டிப்பு இடம் பிடிக்கும்.

தேர்வு விண்ணப்பம்

இங்கே ஃபார்மட் தகராறு இல்லை, ஜேபெக்தான். தகராறு அளவில். ஐபிபிஎஸ் வங்கித் தேர்வு அறிவிப்புகளில் ஃபோட்டோ 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி என்று வரும். எல்லோரும் மேல் எல்லையைப் பார்த்துச் சுருக்குகிறார்கள், மாட்டிக்கொள்வது கீழ் எல்லையில். 140க்கு 60 பிக்சல் கையெழுத்தை உச்சத் தரத்தில் சேமித்தாலும் 10 கேபியைத் தொடாமல் போகும், ஏனென்றால் வெள்ளைத் தாளில் நான்கு கோடு தவிர அதில் ஒன்றுமில்லை. பிக்சல் அளவுக்கு அறிவிப்பில் 'விரும்பத்தக்கது' என்று மட்டும் இருந்தால், விகிதம் மாறாமல் 280க்கு 120 ஆக எடுத்துச் சேமியுங்கள், எல்லைக்குள் வந்துவிடும். பெரிய படத்திலிருந்து எடுக்க வேண்டும், 140ஐ இழுத்து 280 ஆக்கக் கூடாது. ஒவ்வொரு தேர்வுக்கும் எண் மாறும், அந்தந்த அறிவிப்பைப் படியுங்கள்.

இதற்காக ஆதார் அட்டையையும் கையெழுத்தையும் முகம் தெரியாத ஆன்லைன் கன்வெர்ட்டரில் ஏற்றாதீர்கள். பிரவுசரில்தான் செய்ய வேண்டுமென்றால் ஃபோட்டோபீ, ஸ்கூஷ் இரண்டும் படத்தை வெளியே அனுப்பாமல் உங்கள் கணினியிலேயே மாற்றுகின்றன.

எந்த மென்பொருளில் மாற்றுவது?

ஒன்றிரண்டு படமென்றால் கையில் இருப்பது எதுவானாலும் போதும். ஃபோட்டோஷாப்பில் 2021க்குப் பிறகு 'சேவ் ஆஸ்' பட்டியலில் ஜேபெக் காணவில்லை என்று தேடுகிறவர்கள் 'சேவ் எ காப்பி'க்குப் போக வேண்டும். பழையபடி வேண்டுமானால் ப்ரிஃபரன்ஸஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில் 'லெகசி சேவ் ஆஸ்' டிக் செய்யலாம். கிம்ப்பில் சேவ் என்பது அதன் சொந்த ஃபார்மட்டான எக்ஸ்சிஎஃப்புக்கு மட்டும், மற்றதற்கெல்லாம் 'எக்ஸ்போர்ட் ஆஸ்'. முதல் நாள் எரிச்சலாக இருக்கும், ஆனால் லேயர் உள்ள வேலையை ஜேபெக்கால் மேலெழுதும் விபத்தை இது தடுக்கிறது. சிஎம்ஒய்கே வேண்டியவர்களுக்கு கிம்ப் வெகுகாலம் கைகொடுக்கவில்லை. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் சாஃப்ட்-ப்ரூஃப் (அச்சுத் தோற்றத்தைத் திரையில் காட்டும்) ப்ரொஃபைலைக் கொண்டு ஜேபெக், டிஃப் இரண்டையும் சிஎம்ஒய்கேயில் ஏற்றுமதி செய்யலாம்.

நூற்றுக்கணக்கில் என்றால் கிம்ப்பைத் தவிர்க்கலாம், மொத்தமாக மாற்றும் வசதி அதில் கூடவே வருவதில்லை. ஃபோட்டோஷாப் இருந்தால் ஃபைல் மெனுவில் ஸ்க்ரிப்ட்ஸ், இமேஜ் ப்ராசசர். ஃபோல்டரைக் காட்டி, ஜேபெக் தரம் கொடுத்து, 'கன்வெர்ட் ப்ரொஃபைல் டு எஸ்ஆர்ஜிபி'யும் 'இன்க்ளூட் ஐசிசி ப்ரொஃபைல்' (கலர் ப்ரொஃபைலைச் சேர்ப்பது) டிக்கும் போட்டுவிட்டால் ஜேபெக், டிஃப் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் தனித்தனி ஃபோல்டரில் போடும். ஃபோட்டோஷாப் இல்லாதவருக்கு எக்ஸ்என்கன்வெர்ட் அல்லது இர்ஃபான்வியூ. இர்ஃபான்வியூவில் பி எழுத்தை அழுத்தினாலே மொத்த மாற்றப் பெட்டி திறக்கும். வேகத்தில் அதை அடிக்க ஆளில்லை, ஆனால் ப்ரொஃபைலை எஸ்ஆர்ஜிபிக்கு முறையாக மாற்ற வேண்டிய வேலைக்கு ஃபோட்டோஷாப்தான் நம்பகம். வீட்டு உபயோகத்துக்குத்தான் இர்ஃபான்வியூ இலவசம், கடையில் வைத்து ஓட்டினால் உரிமம் வாங்க வேண்டும்.

எந்தக் கருவியானாலும் மெட்டாடேட்டா (படத்தோடு சேர்ந்து வரும் குறிப்புகள்) டிக்குகளைக் கவனியுங்கள். ஜிபிஎஸ் (எடுத்த இடம்), எக்சிஃப் (கேமரா எழுதும் குறிப்புகள்), ஐசிசி ப்ரொஃபைல் மூன்றும் வேறுவேறு. வீட்டு வாசலில் எடுத்த படத்தைப் பொதுவில் போடும் முன் ஜிபிஎஸ் போக வேண்டும், ஐசிசி ப்ரொஃபைல் இருக்க வேண்டும். எக்சிஃபை முழுதாகத் துடைத்தால் ஃபோனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த படங்கள் படுத்துவிடும், ஏனென்றால் எந்தப் பக்கம் மேல் என்ற குறிப்பும் அதற்குள்தான் இருந்தது. முதலில் படத்தை நிஜமாகவே திருப்பிவிட்டு அப்புறம் துடையுங்கள்.

மொத்தமாக ஓட்டும் முன் சிவப்பு ஓரம் உள்ள ஒன்று, இருட்டான ஒன்று, நெட்டுக்குத்தான ஒன்று என்று மூன்று படத்தை மட்டும் மாற்றி 100 சதவீதத்தில் பாருங்கள். அவுட்புட் ஃபோல்டர் வேறாக இருக்கட்டும். ஜேபெக்கிலிருந்து ஜேபெக்குக்கு அளவு குறைக்கும் ஓட்டத்தில் மூல ஃபோல்டரையே அவுட்புட்டாகக் கொடுத்து, மேலெழுதும் டிக்கும் விழுந்திருந்தால், முழு அளவுப் படங்கள் எல்லாம் 1,600 பிக்சலாகச் சுருங்கிய பிறகுதான் தெரியவரும். ரீசைக்கிள் பின்னிலும் அவை இருக்காது.